பழைய குற்றவாளி யார்?

புதுதில்லி: தில்லியில் இருந்து புனே செல்லும் விமானங்கள் தரையிறங்கும் இடம் லோஹேகாவ். மராட்டிய மக்கள் போற்றும் சந்த் துகாராமின் தாய்வழி ஊர் அது. விமானப் படைத் தளமும் பயணிகள் விமான நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பங்கிட்டுக் கொள்வதால், அந்த ஊரின் பெயர் நாடாளுமன்றத்துக்குப் புதிதல்ல. 2024 மார்ச்சில் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். அதே ஆண்டு ஜூனில் புனே தொகுதியின் மக்களவை உறுப்பினர் முரளிதர் மொஹோல் விமானப் போக்குவரத்துத் துறையின் இணை அமைச்சரானார். செப்டம்பரில், நிலையத்துக்குத் துகாராமின் பெயரைச் சூட்டும் யோசனைக்கு மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

லோஹேகாவில் இறங்கி நகருக்குள் செல்பவர்கள் சில கிலோமீட்டர் தொலைவிலேயே எரவாடாவை அடைந்து விடுகிறார்கள். அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பில், கல் மதிலுக்குள் இருப்பது எரவாடா மத்திய சிறை. விமான நிலையத்தைப் பற்றி அவைகளில் அடிக்கடி கேள்வி எழுகிறது; சிறையைப் பற்றி எழுவது அபூர்வம். காந்தியடிகளின் உண்ணாவிரதத்துக்கும், 1932 செப்டம்பர் 24-ம் தேதி கையெழுத்தான புனே ஒப்பந்தத்துக்கும் சாட்சியாக நின்ற இடம் இது. மும்பைத் தாக்குதல் குற்றவாளி அஜ்மல் கசாப் 2012 நவம்பர் 21-ம் தேதி தூக்கிலிடப்பட்டதும் இங்கேதான். 2021 குடியரசு தினத்தில் மாநில அரசு "சிறைச் சுற்றுலா" என்ற திட்டத்தையும் எரவாடாவில்தான் தொடங்கியது. பார்வையாளர்களுக்குக் காட்ட வரலாறு இருக்கிறது. ஆனால் அங்கே அடைபட்டிருக்கும் சாதாரணக் கைதியின் வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதுதான் இப்போது பேசப்பட வேண்டிய விஷயம்.

எரவாடா சிறை கட்டப்பட்ட ஆண்டு 1871. அதே ஆண்டில்தான் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தையும் கொண்டு வந்தது. தற்செயலான பொருத்தம்தான், ஆனால் பொருள் இல்லாத பொருத்தம் அல்ல. ஒருவர் மீண்டும் மீண்டும் குற்றம் செய்பவர் என்று அரசு எதை வைத்து முடிவு செய்கிறது என்ற கேள்விக்கு இந்த நாட்டின் சட்டப் புத்தகங்களில் மூன்று விடைகள் உண்டு. ஒன்று 1860-ல் எழுதப்பட்டது. இரண்டாவது 1871-ல். மூன்றாவது 2023 டிசம்பரில், புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில்.

1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 75-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. சொத்து தொடர்பான கடும் குற்றங்களில் ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர் மறுபடியும் அதே வகைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால், ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரை சிறையோ விதிக்கலாம் என்றது அது. கடுமையான பிரிவுதான். ஆனால் அதன் அளவுகோலில் ஐயம் இல்லை. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்திருக்க வேண்டும். போலீஸ் சொன்னால் போதாது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 13-வது பிரிவிலும் இந்த விதி ஏறத்தாழ அப்படியே நீடிக்கிறது.

1871-ம் ஆண்டின் சட்டம் வேறு வழியில் சென்றது. தீர்ப்பும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். பிறப்பு போதும் என்றது. முதலில் வட இந்தியாவிலும், 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் சமூகம் சமூகமாக மனிதர்கள் பதிவேட்டில் ஏற்றப்பட்டார்கள். இந்தச் சட்டத்தின் கொடுமையைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1920 ஏப்ரல் 3-ம் தேதி மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. உயிரிழந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். மகாராஷ்டிரத்தில் பார்தி, கைகாடி உள்ளிட்ட சமூகத்தினருக்கு இதே கதி நேர்ந்தது. கைகாடி மக்கள் வீட்டில் பேசும் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவு என்று மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். நம் ஊர்க் குறவர்களின் தொலைதூர உறவினர்கள் அவர்கள். சோலாப்பூரில் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் புனே நகரின் குடிசைப் பகுதிகளில் வாழ்கிறார்கள்.

சென்னை மாகாணம் 1947-லேயே அந்தச் சட்டத்தை நீக்கியது. மற்ற பகுதிகளுக்காக ஆராய, பின்னாளில் மக்களவைத் தலைவரான அனந்தசயனம் அய்யங்காரின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவின் பரிந்துரையை ஏற்று 1952 ஆகஸ்ட் 31-ம் தேதி குற்றப்பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் செல்லாததானது. ஆனால் அதே பரிந்துரையின் மறுபாதியையும் மாநிலங்கள் மறக்கவில்லை. சாதியைக் குறிப்பிடாமல், தனிமனிதரைக் கண்காணிக்கும் "வழக்கமான குற்றவாளிகள்" சட்டங்கள் வந்தன. சென்னை 1948-லேயே ஒன்றை வைத்திருந்தது. பம்பாய் 1959-ல் இயற்றியது. பதிவேட்டின் அட்டை மாறியது. பல இடங்களில் உள்ளே இருந்த பெயர்கள் மாறவில்லை.

இந்தச் சட்டங்களை நீக்கலாம் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ம் ஆண்டில் யோசனை சொன்னது. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2007-ல் வலியுறுத்தியது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பாலகிருஷ்ண ரேங்கே தலைமையிலான ஆணையம் 2008-ல் அதையே கூறியது. ஆணையங்களின் அறிக்கைகள் நூலகத்துக்குச் சென்றன. சட்டங்கள் காவல் நிலையத்திலேயே இருந்தன.

2024 அக்டோபர் 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புதான் இந்த உறக்கத்தைச் சற்றுக் கலைத்தது. மும்பையைச் சேர்ந்த செய்தியாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கு அது. சிறை விதி நூல்களில் சாதியின் பெயரால் வேலைப் பங்கீடு இருப்பதையும், சீர்மரபினரைப் பிறப்பை வைத்தே வழக்கமான குற்றவாளிகளாக நடத்த இடம் தரும் விதிகள் நீடிப்பதையும் அவர் ஆதாரத்துடன் எடுத்து வைத்தார். பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைக்கும் வழக்கமும் அந்த மனுவில் சுட்டிக் காட்டப்பட்டது. தமிழகம் பெருமைப்படத் தக்க இடம் அல்ல அது. அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இந்த விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. "வழக்கமான குற்றவாளி" என்ற சொல் சிறை விதிகளில் இருந்தால், அது அந்தந்த மாநிலச் சட்டத்தில் உள்ள வரையறையின்படி மட்டுமே பொருள் கொள்ளப்பட வேண்டும். அப்படி ஒரு சட்டமே இல்லாத மாநிலத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை என்றது. அத்தகைய சட்டங்கள் இனியும் தேவைதானா என்று அரசுகள் யோசிக்கட்டும் என்றும் கூறியது.

மத்திய உள்துறை அமைச்சகம் அந்த ஆண்டு முடிவதற்குள் மாதிரி சிறை விதிகளையும், 2023-ம் ஆண்டின் மாதிரி சிறைச் சட்டத்தையும் திருத்தியது. தொடர்ந்து ஐந்தாண்டுக் காலத்தில், வெவ்வேறு சமயங்களில் செய்த குற்றங்களுக்காக இரண்டு முறைக்கு மேல் தண்டிக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டவரே வழக்கமான குற்றவாளி. மேல்முறையீட்டில் ரத்தான தண்டனை கணக்கில் வராது. சிறையில் கழிந்த காலம் அந்த ஐந்தாண்டில் சேராது. தெளிவான, நேர்மையான வரையறை. 1860-ம் ஆண்டின் அளவுகோலுக்கு, அதாவது நீதிமன்றத் தீர்ப்புக்கு, அரசு திரும்பியிருக்கிறது என்றே தோன்றும்.

ஆனால் அதே உள்துறை அமைச்சகம் அதற்கு ஓராண்டு முன்பு நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிய சட்டத்தில் அளவுகோல் வேறு.

மூன்றாவது விடை: குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, விசாரணைக் கைதிகளை எவ்வளவு காலம் அடைத்து வைக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டுகிறது. பழைய சட்டத்தில் 2005-ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 436-ஏ பிரிவின் வாரிசு இது. தண்டனையின் உச்ச வரம்பில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்து விட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்பது பழைய விதி. புதிய சட்டம் அதில் ஒரு சலுகையைச் சேர்த்தது: முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவராக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு காலம் போதும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத் தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவு சட்டம் அமலுக்கு வரும் முன்பே பதிவான வழக்குகளுக்கும் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. வரவேற்புக்குரிய சீர்திருத்தம் என்று பேசப்பட்டது. அமைச்சர்களும் அப்படியே பேசினார்கள்.

சலுகைக்கு அடுத்து வரும் உட்பிரிவைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களிலோ பல வழக்குகளிலோ புலனாய்வோ விசாரணையோ நிலுவையில் இருந்தால், நீதிமன்றம் அவரை இந்தப் பிரிவின் கீழ் ஜாமீனில் விடக் கூடாது என்கிறது அது. பழைய 436-ஏ பிரிவில் இப்படி ஒரு தடை கிடையாது. காலனி ஆட்சியின் தடத்தை அழிக்க வந்ததாக அறிமுகப்படுத்தப்பட்ட சட்டம், காலனி ஆட்சி 1860-ல் கூடக் கேட்ட "தண்டனை" என்ற தகுதியைக் கைவிட்டு, "நிலுவை வழக்கு" என்பதோடு திருப்தி அடைந்து விட்டது.

ஒரே பிரிவுக்குள் இருக்கும் முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். முதல் உட்பிரிவில் "முதல் முறைக் குற்றவாளி" என்றால் முன்பு தண்டனை பெறாதவர். இரண்டாவது உட்பிரிவில் தண்டனை என்ற பேச்சே இல்லை. ஆக, வாழ்நாளில் ஒருமுறைகூடத் தண்டனை பெறாத ஒருவர், முதல் உட்பிரிவின்படி சலுகைக்கு உரியவர். இரண்டாவதின்படி அதே ஆள் சிறையிலேயே இருக்க வேண்டியவர்.

இருசக்கர வாகனத் திருட்டு வழக்கில் கைதான இளைஞர் ஒருவரை எடுத்துக் கொள்வோம். திருட்டுக்கு உச்ச தண்டனை மூன்றாண்டு. ஒரே வழக்கு என்றால் ஓராண்டு முடிந்ததும் வெளியே வரும் உரிமை உண்டு. பழைய சட்டத்தில் ஒன்றரை ஆண்டு. இன்னொரு வழக்கும் நிலுவையில் இருந்தால், புதிய சட்டத்தில் அந்த உரிமை இல்லை. மூன்றாண்டு என்ற முழு வரம்பு வரை தீர்ப்பே இல்லாமல் உள்ளே இருக்க நேரலாம். வழக்கமான ஜாமீன் மனுவுக்குத் தடையில்லையே என்று கேட்கலாம். தடையில்லைதான். ஆனால் ஜாமீன்தாரரும் வழக்கறிஞரும் இருப்பவர் ஓராண்டு காத்திருந்து இந்தப் பிரிவின் கதவைத் தட்ட மாட்டார். வேறு எந்தக் கதவும் இல்லாதவருக்காகவே இந்தப் பிரிவு எழுதப்பட்டது.

இன்னொரு வழக்கு எப்படி வருகிறது? சிலருக்கு உண்மையாகவே வருகிறது; அதை மறுப்பதற்கில்லை. வேறு சிலருக்கு, ஒரு வழக்கில் சிக்கியதும் அந்தக் காவல் நிலையத்திலும் பக்கத்துக் காவல் நிலையத்திலும் துப்பு துலங்காமல் கிடந்த வழக்குகள் சேர்ந்து கொள்கின்றன. சிறையில் இருப்பவரைக் கைதி மாற்று வாரண்ட் மூலம் அழைத்து வந்து மேலும் ஒரு வழக்கில் கைது காட்டுவது போலீஸ் வட்டாரத்தில் புதுமை அல்ல. 2021-ல் வெளியான "ஜெய் பீம்" படத்தின் தொடக்கக் காட்சி தமிழ் வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். சிறை வாசலில் விடுதலையாகி வருபவர்களைச் சாதி கேட்டுப் பிரித்து, சிலரை வீட்டுக்கு அனுப்பி விட்டு, மற்றவர்களை நிலுவை வழக்குகளுக்குப் பங்கிடும் காட்சி அது. படம் திரைக்கதைதான். ஆனால் அதைப் பார்த்து முன்னாள் போலீஸ் அதிகாரிகளே அதிர்ச்சி அடையவில்லை என்பதை யோசிக்க வேண்டும். "ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம்" என்ற சொற்களோ இன்னும் ஆபத்தானவை. ஒரே இரவில், ஒரே வீட்டில் நடந்த திருட்டும் அத்துமீறலும் கூட இரண்டு குற்றங்கள் என்று வாதிட இடம் இருக்கிறது.

எண்கள் சொல்வது என்ன? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் 1,330 சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பங்கு. தண்டனை பெற்றவர்கள் 1,33,415 பேர் மட்டுமே. எரவாடாவிலும் பல ஆண்டுகளாக, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில், தண்டனைக் கைதிகளிடையே வழக்கமான குற்றவாளிகள் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 2 சதவீதம். தில்லியில் மட்டும் இது 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. நாட்டின் பிற பகுதிகளைவிடத் தில்லிவாசிகள் பத்து மடங்கு கெட்டவர்கள் என்று எவரும் முடிவு கட்ட மாட்டார்கள். யாரை எப்படிப் பதிவது என்பதில் சிறைக்குச் சிறை வேறுபாடு இருக்கிறது என்பதே இதன் பொருளாக இருக்க முடியும். ஒரு மாநிலத்தில் தண்டனை பெற்றவர் இன்னொரு மாநிலச் சிறைக்குள் நுழையும்போது, அவருடைய பழைய தண்டனை அங்குள்ள அதிகாரிக்குத் தெரியாமலே போகலாம் என்பதும் உண்மை. எனவே அந்த 2 சதவீதத்தை அப்படியே நம்பி மகிழவும் முடியாது.

தவிர, இந்தக் கணக்கு தண்டனை பெற்ற கால்பங்குக்கு மட்டுமே உரியது. மீதி முக்கால் பங்கினரைப் பற்றி அரசிடம் இருப்பது நிலுவை வழக்குகளின் எண்ணிக்கை மட்டும்தான். மீண்டும் கைதாவதும் மீண்டும் தண்டனை பெறுவதும் ஒன்றல்ல என்பதற்கு அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரமே போதும். 2005-ல் அங்கே 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோது, 76.6 சதவீதம் பேர் மீண்டும் கைதானார்கள். மீண்டும் தண்டனை பெற்றவர்கள் 55.4 சதவீதம். வழக்குகள் விரைவில் முடியும் நாட்டிலேயே இருபது சதவீதத்துக்கும் மேல் இடைவெளி. வழக்கு முடிய ஆண்டுகள் பல ஆகும் நாட்டில் கைதையே குற்றம் என்று எண்ணினால் என்ன ஆகும்?

போலீஸ் தரப்புக்கு ஒரு நியாயம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. புனே நகரில் "கொய்த்தா கும்பல்" என்று மக்கள் அழைக்கும், அரிவாளோடு தெருவில் இறங்கும் இளைஞர் கூட்டங்களின் அட்டூழியம் கட்டுக்கதை அல்ல. 2021 பிப்ரவரியில் தலோஜா சிறையில் இருந்து வெளியே வந்த புனே ரௌடி ஒருவரை அவருடைய ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கான கார்களில், மும்பை-புனே விரைவுச் சாலையில் ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். கொலை வழக்குகளில் அவரை நீதிமன்றம் விடுவித்திருந்தது. சாட்சி சொல்ல எவரும் துணியாத வழக்குகளில் தண்டனையை மட்டும் அளவுகோலாக வைத்தால் பெரிய புள்ளிகள் "தூயவர்" என்ற பெயரோடு நடமாடுவார்களே என்று போலீஸ் அதிகாரிகள் கேட்கிறார்கள்.

கேள்வி சரி. ஆனால் அதற்கான விடை 479-வது பிரிவில் இல்லை. கொலை வழக்கில் சிக்கியவருக்கு இந்தப் பிரிவு எப்போதுமே பொருந்தாது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் முதல் வரியிலேயே விலக்கப்பட்டு விட்டது. பெரிய கும்பல்களுக்கென்று மகாராஷ்டிரத்தில் 1999-ம் ஆண்டிலிருந்தே "மோக்கா" சட்டம் இருக்கிறது. பத்தாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகளை நீதிமன்றம் ஏற்றிருந்தாலே அதன்படி நடவடிக்கை எடுக்கலாம். அதே வரையறையைப் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவு நாடு முழுமைக்கும் விரித்திருக்கிறது. தடுப்புக் காவலுக்குத் தமிழகத்தில் 1982-ம் ஆண்டின் குண்டர் சட்டம் உண்டு. மகாராஷ்டிரத்தில் அதையொத்த சட்டம் அதற்கு ஓராண்டு முன்பே வந்து விட்டது. போதாதென்று 479-வது பிரிவிலேயே, அரசு வழக்கறிஞரின் வாதத்தைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் பதிந்து, ஒருவரின் காவலை நீட்டிக்க நீதிபதிக்கு அதிகாரம் தரும் வாசகமும் இருக்கிறது. ஆபத்தானவரைப் பிடித்து வைக்க இத்தனை கயிறுகள் இருக்கும்போது, இரண்டாவது உட்பிரிவு என்ற கயிறு யாருடைய கழுத்தில் விழுகிறது? மூன்றாண்டு, ஐந்தாண்டு தண்டனைக்குரிய சில்லறைக் குற்றங்களில் சிக்கியவர்களின் கழுத்தில்தான்.

பதிவேடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டிருக்கிறது. தில்லி சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வழக்கில் 2024 மே 7-ம் தேதி அளித்த தீர்ப்பில், காவல் நிலையங்களின் சரித்திரப் பதிவேடுகளில் பின்தங்கிய வகுப்பினரும் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் இயந்திரத்தனமாகச் சேர்க்கப்படுவதைத் தடுக்க மூத்த அதிகாரி ஒருவர் அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்ற யோசனையை எல்லா மாநிலங்களின் பரிசீலனைக்கும் அனுப்பியது. சட்டமன்ற உறுப்பினர் என்பதால் உச்ச நீதிமன்றம் வரை வர முடிந்தது. அதே பதிவேட்டில் அடுத்த பக்கத்தில் இருப்பவர் அந்தப் படிகளை ஏறியிருக்க முடியுமா?

இங்கேதான் நாடாளுமன்றத்தின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்துச் சொல்லும் கணக்கின்படி, 2009-ல் வென்ற மக்களவை உறுப்பினர்களில் 162 பேர் மீது குற்ற வழக்குகள் இருந்தன. 2014-ல் 185. 2019-ல் 233. 2024-ல் 251, அதாவது 46 சதவீதம். இவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளைச் சந்திப்பவர்கள் பலர். வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே ஒருவரைத் தேர்தலில் நிற்கவிடாமல் தடுக்கலாமா என்ற பேச்சு எழும் போதெல்லாம், எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் சொல்லும் பதில் ஒன்று உண்டு: தண்டனை பெறும் வரை எவரும் நிரபராதியே, அரசியல் காழ்ப்பில் எத்தனை வழக்கு வேண்டுமானாலும் போடலாம்.

அந்தப் பதில் தவறல்ல. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் எட்டாவது பிரிவு தண்டனையைத்தான் தகுதி நீக்கத்துக்கு அளவாக வைத்திருக்கிறது. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுச் சலுகையை நீக்கியபோதும் தண்டனை என்ற அளவைத் தொடவில்லை. ஆனால் தங்களுக்கு அவ்வளவு கவனமாகக் காத்துக் கொண்ட அதே பாதுகாப்பை, தாங்களே நிறைவேற்றிய சட்டத்தில், சிறையில் இருக்கும் ஏழைக்கு உறுப்பினர்கள் மறுத்து விட்டார்கள். பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர் சட்டம் இயற்றலாம், அமைச்சராகலாம். பல வழக்குகள் நிலுவையில் உள்ள வாகனத் திருட்டுக் கைதி, பாதித் தண்டனையைக் கழித்த பிறகும் ஜாமீன் உரிமை கோரக் கூடாது. 2024-ல் சிறையில் இருந்தபடியே இருவர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதே சட்டத்தின் 62-வது பிரிவு, விசாரணைக் கைதிகளுக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லை என்கிறது. நாலேகால் லட்சம் பேருக்கு வாக்கு இல்லை என்றால், அவர்களுக்காகக் கேள்வி எழுப்ப யாருக்கு அவசரம்?

சட்டம் நிறைவேறிய சூழலையும் குறிப்பிட வேண்டும். 2023 ஆகஸ்ட் 11-ம் தேதி மசோதாக்கள் அறிமுகமாயின. பிரிஜ் லால் தலைமையிலான உள்துறை நிலைக்குழு நவம்பரில் அறிக்கை தந்தது. டிசம்பரில் மசோதாக்கள் திரும்பப் பெறப்பட்டு, திருத்தப்பட்ட வடிவில் மீண்டும் தாக்கலாயின. 20-ம் தேதி மக்களவையும் 21-ம் தேதி மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தன. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர். எதிர்வரிசை காலியாகிக் கிடந்த அவையில், ஒரு பிரிவின் இரண்டாவது உட்பிரிவை எழுந்து படித்துக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போனதில் வியப்பில்லை. இடைநீக்கம் செய்தவர்களுக்கும், இடைநீக்கத்தை வரவழைத்துக் கொண்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

திரும்பி வரும் கைதியைத் தடுக்க வழியே இல்லையா என்றால், எரவாடாவிலேயே ஒரு சிறு தொடக்கம் இருக்கிறது. 2022 மே 1-ம் தேதி, மகாராஷ்டிர தினத்தன்று, மாநிலக் கூட்டுறவு வங்கியின் துணையோடு அங்கே "ஜிவ்ஹாளா" என்ற கடன் திட்டம் தொடங்கப்பட்டது. கைதியின் சிறைக் கூலியை நம்பி, 7 சதவீத வட்டியில் 50,000 ரூபாய் வரை கடன். பிள்ளையின் படிப்புக்கோ, வீட்டின் அவசரத்துக்கோ, வழக்கறிஞர் கட்டணத்துக்கோ. தொகை சிறியது. ஆனால் உள்ளே இருப்பவருக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள நூல் அறுந்து போகாமல் காப்பது எதுவோ, அதுவே அவரை மறுபடி சிறைக்கு வராமல் காக்கும் என்பது சிறை அதிகாரிகளே அனுபவத்தில் அறிந்தது. தமிழகத்தில் கைதிகளைக் கொண்டு சிறைத் துறை நடத்தும் பெட்ரோல் நிலையங்களும் அந்த வகையைச் சேர்ந்தவை.

இவையெல்லாம் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளுக்கு. விசாரணைக் கைதிகளில் பெரும்பாலோருக்குச் சிறையில் வேலையும் கிடைப்பதில்லை, கூலியும் கிடைப்பதில்லை. ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவும் மத்திய அரசின் திட்டம் 2023-ல் வந்தது. நல்ல திட்டம். ஆனால் ஜாமீன் உத்தரவே கிடைக்காதவருக்கு அந்தப் பணத்தால் என்ன பயன்? ஓரிரு ஆண்டு வேலையும் வருமானமும் இன்றி, பெரிய குற்றவாளிகளோடு ஒரே கொட்டடியில் கிடந்து, வெளியே வரும்போது வாடகை வீடும் போய், பழைய முதலாளியும் கை விரித்து விட்டால், அந்த இளைஞர் எங்கே செல்வார்? அவரைத் தேடி வருபவர்கள் இருவர்தான். ஒருவர் உள்ளே பழகிய கும்பல்காரர். மற்றவர், நிலுவை வழக்குக்கு ஆள் தேடும் காவலர்.

2022-ல் நிறைவேறிய குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டமும் இதோடு சேர்கிறது. கைதானவர்களின் கைரேகை, கருவிழிப் படம் முதலிய விவரங்களை 75 ஆண்டு காலம் வைத்திருக்க அது வழி செய்கிறது. விடுதலையானால் அழித்து விட வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் அது முன்பு தண்டனை பெறாதவருக்கு மட்டுமே. எப்போதோ ஒருமுறை தவறியவர், பிறகு பொய் வழக்கில் இருந்து விடுபட்டாலும் பதிவேட்டில் இருந்து விடுபடுவதில்லை.

மாநிலங்கள் தங்கள் பங்குக்கு என்ன செய்கின்றன என்றால், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் 14 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் நடைமுறையில் இருந்ததாக 2025 மார்ச்சில் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தகவல் கூறியது. ஹரியாணா நீக்கி விட்டது. குஜராத் கைவிட மனமில்லை என்றது. சீர்மரபினரின் நலனுக்காக வாரியம் வைத்திருக்கும் தமிழகத்தில் 1948-ம் ஆண்டின் சட்டத்தைப் பற்றி எந்தக் கட்சியும் தேர்தல் மேடையில் பேசுவதில்லை. பெருங்காமநல்லூர் நினைவு நாளில் மாலை அணிவிக்க மட்டும் எல்லோரும் வருகிறார்கள்.

479-வது பிரிவைத் திருத்தப் பெரிய மசோதா தேவையில்லை. "நிலுவையில் உள்ள வழக்குகள்" என்ற இடத்தில், உள்துறை அமைச்சகமே 2024 டிசம்பரில் சிறை விதிகளுக்காக எழுதிய வரையறையை வைத்தால் போதும். அரசு தானாக முன்வராவிட்டால், தனிநபர் மசோதா என்ற வழி உறுப்பினர்களுக்கு உண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் எடுத்துக் கொள்ளப்படும் அந்த மசோதாக்களில் கடைசியாகச் சட்டமானது 1970-ல். அதனால் மசோதா நிறைவேறும் என்று எவரும் நம்ப வேண்டாம். உள்துறை அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டிய நிலையாவது ஏற்படும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் உறுப்பினர்கள் பலர் ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்கக் கிளம்பி விடுவார்கள் என்பதுதான் சிக்கல். புனே செல்பவர்கள் லோஹேகாவில் இறங்கி, எரவாடா வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.